இரண்டாவது பையைத் திருப்பி அனுப்புகிறேன்

ஒட்டுசுட்டான்
06.10.2024

என் அன்புத் தங்கை தயாளினிக்கு,

அக்கா ராஜினி எழுதுவது. நீயும் உன் அவரும் மதுசனும் சுகமாக இருக்கப் பிள்ளையார் துணை நிற்கட்டும். நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. போன செவ்வாய்க்கிழமை காலை ஏழே கால் மணி வரைக்கும் சுகமாகத்தான் இருந்தோம்.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், நடுவில் சிக்னல் போய்விடும். உன் மச்சாள் பன்னிரண்டாம் திகதி அமெரிக்காவுக்குத் திரும்புகிறார். ஆவணியில் அவர் வந்தபோது யதுர்ஷிகாவுக்கென்று நீ கொடுத்துவிட்ட பையை அவரிடமே திருப்பிக் கொடுக்கிறேன். இந்தக் கடிதம் அதற்குள் இருக்கும். கோபிக்காதே. கோபிப்பதானாலும் முழுவதும் வாசித்துவிட்டுக் கோபி.

நல்ல பைதான், குறை சொல்லவில்லை. நீல நிறம், உறுதியான சிப். முதுகுப் பக்கம் துப்பாக்கிச் சன்னம் துளைக்காத தகடு. மகனுக்கு ஒன்று வாங்கும்போது என் மகளுக்கும் ஒன்று வாங்கிய உன் மனதை நான் அறிவேன். பத்து வயதுப் பிள்ளை புத்தகங்களோடு அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு கட்டை தூரம் நடப்பதைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. ஆனாலும் அவளுக்கு வலு புளுகம், துள்ளிக்கொண்டு திரிந்தாள். வகுப்பில் எல்லாரும் பையைத் தட்டிப் பார்த்தார்களாம்.

பள்ளிக்கூடத்துக்குள் யாராவது சுடுகிற சத்தம் கேட்டால் பையை முன்னால் பிடித்துக்கொண்டு சுவரோரம் குந்த வேண்டும் என்று மதுசன் வீடியோவில் செய்து காட்டினானே, நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் பழக்குகிறார்கள் என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. வெடிச்சத்தம் கேட்டால் யாராவது குந்துவார்களா? படுக்க வேண்டும். வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், நெஞ்சு நிலத்தில் முட்டக் கூடாது. இதையெல்லாம் அமெரிக்காக்காரருக்கு யார் சொல்லிக் கொடுப்பது என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. முற்றத்தில் வைத்து என் பிள்ளைக்குப் பழக்கினேன். நான் தகரத்தில் தடியால் அடிப்பேன், அவள் பொத்தென்று விழுந்து பையைத் தலைக்கும் பிடரிக்கும் மேலே இழுத்துக்கொள்வாள். நான் சொல்லும் வரை எழும்பக் கூடாது. ஒரு கிழமையில் நன்றாகப் பழகிவிட்டாள். அவளுடைய அப்பா மட்டும், “உனக்கென்ன விசரே? சண்டை முடிஞ்சு பதினைஞ்சு வருசமாச்சு” என்று பேசினார். நான் அவருக்கு வாய் காட்டினேன்.

செவ்வாய்க்கிழமை விடிய யானைகள் குளத்துக்குக் கீழே உள்ள வயலுக்குள் இறங்கிவிட்டன. ஆட்கள் யானை வெடி கொளுத்திப் போட்டிருக்கிறார்கள். யானை ஒன்று வெருண்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற கிரவல் ரோட்டுக்கு ஏறிவிட்டது. நான்கு பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் ஓடிவிட்டார்கள். என் பிள்ளை வெடிச்சத்தம் கேட்டதும் நடுரோட்டில் படுத்துவிட்டாள். பை தலைக்கு மேலே, வாய் திறந்தபடி. எல்லாம் நான் பழக்கியபடியே. அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாகப் பையை நம்பி ஓட்டத்தைக் கைவிட்டாள்.

பக்கத்து வளவு ஞானேஸ்வரி அக்கா வயலுக்குச் சாப்பாடு கொண்டு சைக்கிளில் வந்தவா. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய், பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு மதகுக்குள் விழுந்திருக்கிறா. யானை மிதித்த சைக்கிள் இப்போது பார்க்கிற மாதிரி இல்லை. பிள்ளைக்கு இரண்டு முழங்கையும் உரிந்துபோனது, வேறொன்றுமில்லை.

ஞானேஸ்வரி அக்கா அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டு, என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. “பிள்ளைக்கு என்னத்தைப் பழக்கி வைச்சிருக்கிறீர்? யானை வருது, இவ படுக்கிறா. நான் காலைப் பிடிச்சு இழுக்கிறன், ‘விடுங்கோ, அம்மா எழும்பச் சொல்லேல்லை’ எண்டு கத்துறா.”

தயா, எனக்கு உன் மேல் கோபம், அந்தப் பையை விற்றவன் மேல் கோபம், எல்லாவற்றையும் விட என் மேல் கோபம். அன்று முழுக்க அடுப்பு மூட்டவில்லை.

வேலி மேல் உள்ள கோபத்தையும் சொல்கிறேன். குளத்தடியில் மின்சார யானை வேலி இருக்கிறது. பற்றரி செத்து எட்டு மாதம். வனசீவராசிகள் அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தோம், பட்டியலில் இருக்கிறது என்றார்கள். புதன்கிழமை ஆறு தாய்மார் போய் அலுவலக வாசலில் குந்தினோம். இனியும் பட்டியல்தானாம். வெள்ளிக்கிழமையும் போனோம். நாளைக்கும் போவோம். ஞானேஸ்வரி அக்காவுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே இல்லை, அவாவும் வருகிறா.

நீ போன மாதம் கேட்டாயே, “அக்கா, நீங்கள் சண்டைக்குள்ள இருந்த ஆள், உங்களுக்குத் தெரியும். இந்தப் பை பிள்ளையைக் காப்பாத்துமோ?” என்று. அப்போது நான் கதையை மாற்றினேன். பையோடு வந்த தாளை யதுர்ஷிகாவின் இங்கிலிஸ் ரீச்சரிடம் கொடுத்து வாசிப்பித்தேன். கைத்துப்பாக்கிச் சன்னத்துக்குத் தாங்குமாம், பெரிய துவக்குக்குத் தாங்காதாம். அதைச் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்குள் வருகிறவன் எதைக் கொண்டு வருகிறான் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும்.

தாங்குகிறது என்றே வைத்துக்கொள். நீ வெளிநாடு போன பிறகு நடந்ததால் உனக்கு நான் சரியாகச் சொல்லாத ஒன்று உண்டு. அம்மா பங்கருக்குள், அந்தப் பதுங்குகுழிக்குள்ளேயே, செத்தா என்றுதான் உனக்குச் சொன்னோம். அப்படியில்லை. அந்தப் பங்கர் நல்ல பங்கர். அம்மா தன் கூறைச்சேலையையே வெட்டி மண்மூட்டை தைத்து அடுக்கினா. கடைசி வரைக்கும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாதான் கஞ்சி வாங்க வெளியே போயிருந்தா. இருபது அடி தூரம் இருக்காது.

மதுசன் விளையாடப் போகும்போது பை எங்கே இருக்கும்? சாப்பிடும்போது? ஒன்றுக்குப் போகும்போது? ஆணியில் தொங்கும். இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ‘ஓம், காப்பாத்தும்’ என்று எழுதி இந்தக் கடிதத்தை முடிக்கவும் பார்த்தேன். இரண்டு தாள் கிழித்தேன்.

உனக்குப் புத்தி சொல்ல நான் யார், என் கெட்டித்தனத்தைத்தான் நடுரோட்டில் பார்த்தாயிற்றே. ஆனாலும் கேட்கிறேன். அவனுடைய வகுப்புக் கதவு உள்ளிருந்து பூட்டுப்படுமா என்று போய்ப் பார்த்தாயா? படாவிட்டால் யாரிடம் கேட்பது? பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாயும் இந்தப் பையைத்தான் வாங்கியிருக்கிறாள் என்றாயே. அவளோடு ஒரு நாளாவது கதைத்தாயா? இங்கிலிஸ் சரியில்லை என்று ஒதுங்கி நிற்காதே. எங்களுக்கும் அலுவலகத்தில் கதைக்கத் தெரியவில்லை, குந்தத்தான் தெரிந்தது.

யதுர்ஷிகாவை இப்போது நாங்கள் முறை வைத்துக் கூட்டிப் போகிறோம். வெடிச்சத்தம் கேட்டால் ஓடு என்று சொல்லிக் கொடுத்தேன். “சண்டை வெடி எண்டால் என்னம்மா செய்யிறது?” என்று கேட்கிறாள்.

இதை வாசித்த பிறகும் நாளைக் காலையில் நீ மதுசனுக்கு அந்தப் பையைப் போட்டுத்தான் அனுப்புவாய். எனக்குத் தெரியும். உன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் அனுப்புவேன். போட்டு அனுப்பு, தங்கச்சி. நான் வேண்டாமென்று சொல்லவில்லை. போட்டு விட்டோம்தானே என்று மட்டும் நிம்மதியாக இருந்துவிடாதே. பிள்ளை தினமும் வீடு வந்து சேரட்டும்.

உன் அக்கா
ராஜினி