பனி இறுகும்வரை

என் உயிர்த் தம்பி சுதனுக்கு,

உன் மலையில் ஏறிவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதை ஆறுதலாகச் சொல்கிறேன்.

நீ போய் இரண்டு வருடம் கடந்துவிட்டது. பகேரியாவிலிருந்து ரயிலில் பலெர்மோவுக்கு வேலைக்கு வரும் நம் ஆட்களுக்கு நீ இன்னும் கதைதான். செத்தவீட்டிலேயே ராசன் மாமா எல்லாருக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னார்: "கோப்பை கழுவ வந்த பொடியனுக்குப் பனிமலை என்னத்துக்கு? அது காசுள்ள ஆக்களின்ரை விளையாட்டு."

அழுதுகொண்டிருந்த நான் நிறுத்திவிட்டுக் கேட்டேன். "ஏன் மாமா, கோப்பை கழுவிறவனுக்குக் கால் இல்லையோ?" அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைப்பதில்லை. கதைக்காமல் இருக்கட்டும்.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. கோடையில் இரண்டு தடவை மதோனியே மலைக்குப் போய் வந்தவன் நீ, வழி தெரிந்தவன். ஏன் ஜனவரியில் போனாய்?

உன்னைத் தேடிக் கண்டெடுத்தவர்களில் ஒருவர் சால்வோ. மலையடி ஊர்க்காரர், ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஏறுகிறவர். அவரிடமே போய்க் கேட்டேன். மறைக்காமல் சொன்னார். நீ ஏறியதற்கு முதல் நாள்தான் புதுப்பனி கொட்டியிருந்ததாம். அது இறுகாமல் பாறைக் குழிகளை மூடி, சமதரை போலக் காட்டியதாம். மத்தியானத்துக்குப் பின் மூடுபனி வந்து, நேரத்தோடு இருட்டியும் விட்டதாம்.

"அப்ப எப்ப ஏறவேணும்?"

"மார்ச் கடைசியில். பனி பழசாகி இறுகியிருக்கும், பகலும் நீளம். விடியப் புறப்பட்டு, வெயில் பனியை இளக்குவதற்குள் இறங்கிவிட வேண்டும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கால்சாவில் நீ வேலை செய்த உணவகத்தில், பண்டிகைக் கூட்டம் ஓய்ந்த பிறகு உனக்குக் கிடைத்தது அந்த இரண்டு நாள்தான். ஏறும் நாளை நீ தெரிவு செய்யவில்லை சுதன். கிடைத்த நாளில் ஏறினாய்.

நான் அப்படி ஏறுவதில்லை என்று முடிவெடுத்தேன். லிபெர்த்தாவில் நான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோராவிடம் மார்ச் கடைசியில் லீவு கேட்டேன். தொண்ணூற்றொன்றில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நானாக நாள் சொல்லிக் கேட்ட முதல் லீவு அது.

"ஓகஸ்ட்டில் எல்லாரும் போவார்கள், நீயும் போ" என்றார்.

"ஓகஸ்ட்டிலை பனி இல்லை, சிஞ்ஞோரா."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உன் தம்பி செத்த இடத்துக்கா?"

"ஓம். அங்கைதான்."

லீவு தந்தார். ஆனால் மலையடிக்குப் போன அன்று சிரோக்கோ அடித்தது. ஆபிரிக்காவிலிருந்து வரும் அந்தச் சூட்டுக்காற்றை நீயும் எத்தனை தரம் ஏசியிருக்கிறாய். சால்வோ ஒரு அடி வைத்துப் பார்த்தார், முழங்கால்வரை புதைந்தது. எங்களோடு ஏறச் சால்வோ கூட்டிவந்த மற்ற இரண்டு பேரும், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், கொஞ்சம் போய்ப் பார்ப்போமே" என்றார்கள். எனக்கு ஆசை இல்லை என்றா நினைக்கிறாய்? இனி லீவு கிடைக்காது என்ற பயமும் இருந்தது. அந்தப் பயம்தான் உன்னையும் ஏற வைத்ததா?

"நான் வரேல்லை" என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

மறுபடியும் போய் சிஞ்ஞோராவின் முன்னால் நின்றேன். "உனக்கு வேலை வேண்டுமா, மலை வேண்டுமா?" என்றார்.

"ரெண்டும் வேணும்."

மறுநாள் கோப்பி குடிக்கும்போது, "எப்போது?" என்று மட்டும் கேட்டார். வாடைக்காற்று திரும்பியதும் என்றேன்.

அதற்குள் ஏப்ரல் பிறந்துவிட்டது. பனி எல்லாம் உருகிவிடுமோ என்று நாளெண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு மாலை ஜன்னலைத் திறந்தபோது குளிர் முகத்தில் அறைந்தது. சால்வோவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "வா" என்றார்.

விடியும் முன்பே சப்பாத்துக்கு அடியில் இரும்புப் பற்களை மாட்டிக்கொண்டு ஏறினோம். பனி கல்லாக இறுகிக் கிடந்தது. மிதிக்க மிதிக்க நறுக் நறுக்கென்றது. பாதி வழியில் நீ விழுந்த குழியைச் சால்வோ காட்டினார். ஒரு சின்ன அறையளவுதான். நான் அழுவேன் என்று நினைத்து ஒதுங்கி நின்றார். நான் அழவில்லை. "இவ்வளவுதானோ நீ?" என்று அந்தக் குழியைப் பார்த்து உரத்துக் கேட்டேன். கேட்டுவிட்டு மேலே நடந்தேன்.

உச்சியில் ஒரு பக்கம் கடல். மறுபக்கம் வெகு தூரத்தில் எத்னா புகைந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்கியது, மூக்கு விறைத்தது, சிரிப்பு வந்தது. நீ ஏன் இங்கே வந்தாய் என்று இனி நான் யாரிடமும் கேட்கமாட்டேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு, நீ மாரடைப்பால் போனாய் என்றுதான் எழுதினோம். உழைக்கப் போன மகன் மலையேறிச் செத்தான் என்றால் நம் ஆட்களுக்கு வெட்கமாம். அந்தப் பொய்யின் கீழே கையெழுத்துப் போட்டவள் நான்.

இந்தக் கிழமையே அம்மாவுக்கு உண்மையை எழுதுகிறேன். உன் மகன் தன் காலால், தன் ஆசையால் ஏறிப் போனவன் என்று எழுதுவேன். அம்மா என்னை ஏசட்டும், மண்ணள்ளித் தூற்றட்டும், திரும்பத் திரும்ப எழுதுவேன். இனி உன்னை ஒருவரும் வெட்கப்பட்டு ஒளிக்க விடமாட்டேன். இது சத்தியம், தம்பி.

உனக்கு முன் பிறந்து, உனக்குப் பின் ஏறிய
அக்கா மலர்
பலெர்மோ