ஜூனியர் என்று அழைக்கப்பட்டவனுக்கு

நேற்று மாலை புனே ஹடப்சரில் ஒரு குடியிருப்பின் கணபதி விழா மேடையில் வாசிக்கப் போயிருந்தேன். பாட வந்த இளைஞர் பையிலிருந்து ஜிகினா கோட்டை எடுத்து உதறினார். நாப்தலின் உருண்டையும் பழைய வியர்வையும் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறியது. நான் தாளம் வாசிக்கும் மின்கருவியான ஆக்டோபேடின் வயரைச் செருகியபடி சற்று நேரம் குனிந்தே இருந்தேன். உன் கோட்டும் அப்படித்தான் மணக்கும்.

கட்கியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் உன் வீடும் என் வீடும் ஒரே வரிசை. உன் தொண்டை ஒரு பெரிய சினிமாப் பாடகரின் தொண்டை மாதிரியே இருக்கிறது என்று ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் கண்டுபிடித்த நாளில் உன் பெயர் போய்விட்டது. அவர் பெயருக்கு முன்னால் 'ஜூனியர்' சேர்த்துப் போஸ்டர் அடித்தார்கள். அவரைப் போலவே விக், கறுப்புக் கண்ணாடி. புனே முழுக்க உன்னைத் தெரிந்திருந்தது.

ஒருநாள் நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பெண்மணி கையெழுத்து கேட்டார். நீ ஆசையாக உன் பெயரை எழுதிக் கொடுத்தாய். அவர் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார்: "இது யார் பேரு? அவர் பேரைப் போட்டுக் கொடுங்களேன்."

பஸ்ஸில் திரும்பினோம். கட்கி நெருங்கியபோது சொன்னாய்: "அவுரு மாதிரியே கீதுன்னு கை தட்றாங்க. அதுல நான் எங்கடா கீறேன்?"

அடுத்த கணபதிக்கு விக் இல்லாமல், உன் சொந்தச் சட்டையோடு மேடை ஏறினாய். நீயே கட்டிய பாட்டைப் பாடினாய். இங்கே மதராஸி என்றும் வேலூர்ப் பக்கம் போனால் பூனாக்காரன் என்றும் கூப்பிடப்படுகிற ஒருவனின் பாட்டு. தமிழும் மராத்தியும் ஒரே வரியில் முட்டிக்கொள்ளும். உன் நிஜக் குரலை அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் கோபம்.

கூட்டம் வழக்கமான பாட்டைக் கேட்டுக் கத்தியது. நாற்காலிகள் உருண்டன. ஏற்பாட்டாளர் கரண்டைப் பிடுங்கினார். மைக்கும் போனது, என் பேடும் செத்தது. நீ நிறுத்தவில்லை. நான் ஒரு இரும்பு நாற்காலியை இழுத்து அதில் தாளம் போட்டேன். முன்வரிசையில் நாலைந்து பேருக்காவது கேட்டிருக்கும்.

அதன்பிறகு எந்த ஆர்கெஸ்ட்ராவும் உன்னைக் கூப்பிடவில்லை. ஒரு ஐ.டி. அலுவலகத்தின் கேட்டில் செக்யூரிட்டியாக நின்றாய். கோயில் விழா, பிறந்தநாள் என்று யார் கேட்டாலும் போய் உன் பாட்டையே பாடினாய். "ஏண்டா, திரும்ப விக்கை மாட்டிக்கோயேன்" என்று உன் மாமா திட்டியபோது சிரித்தாய். "கை காலியாத்தான் கீது மாமா. ஆனா வூட்டுக்குத் திரும்பி வரச்சே நானாத்தான் வர்றேன்."

போன மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை. இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்தபோது தெருமுனையில் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். விக்கும் கண்ணாடியுமாக நீ. கீழே பெரிய எழுத்தில் அந்த 'ஜூனியர்'. பாசத்தில் செய்ததுதான், குறை சொல்ல மாட்டேன்.

உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என் கையைப் பிடித்துக் கேட்டார்: "இன்னா எழுதிகீது கண்ணு?"

படித்துக் காட்டினேன்.

"என் புள்ள பேரு எங்க?"

என் ஸ்கூட்டரை ஃப்ளெக்ஸுக்குக் கீழே நிறுத்தினேன். சீட்டில் ஏறி அதை அவிழ்த்தேன். கட்டியவர்களே வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில், கறுப்புப் பெயின்டால் உன் பெயரை எழுதினேன். உன் அப்பா வைத்த பெயர், முழுதாக. மழைத்தூறலில் ஓரமெல்லாம் ஒழுகியது. அப்படியே திருப்பிக் கட்டினோம். அம்மா அந்த எழுத்துகளைப் படிப்பவர் போலவே பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் பாட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குப் பாடிக் காட்டுகிறேன். எனக்குச் சுருதி நிற்காது, மராத்தி வரியில் மூச்சு வாங்கும். உன்னைப் போலப் பாட மட்டும் நான் முயல்வதில்லை.

"அவன் மாதிரி இல்லடா" என்கிறார் அம்மா.

"இல்லம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தபா பாடு" என்கிறார்.