கூடைப் பாட்டுக்கு ஒரு பதில்

அக்கா,

நலமா என்று கேட்டு மழுப்பப் போவதில்லை. ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன்.

நம் குளத்தைத் தூர்வாருகிறோம். இரண்டு வரிசையாக நின்று மண்கூடையைக் கைமாற்றுகிறோம். பாட்டில்லாமல் கூடை சீராக நகர மாட்டேன் என்கிறது. ஒருத்தி கையில் மூன்று கூடை, அடுத்தவள் கை காலி. சரியென்று நம் பழைய கூடைப் பாட்டை எடுத்தேன். "மண்ணே மண்ணே, எங்க போற?" என்று கேட்டும்விட்டேன். பதில் வரி ஒருவருக்கும் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே எதிர்வரிசையில் நின்று பதில் பாடியது நீதானே!

தையல்காரி சும்மா இருப்பாளா? "உன் மாமியார் தலையில விழப் போறேன்!" என்று எடுத்துவிட்டாள். என் மாமியார் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தார். சிரித்த சிரிப்பில் கூடைகள் கவிழ்ந்தன. மாமியாரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

செங்கல் சூளைக்கு மேல்மண்ணை விற்றது யார் என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை. அத்தானிடமும் சொல். வாரிய வண்டலைச் சூளைக்காரன் தோண்டிப்போட்ட வயல்களில்தான் கொட்டுகிறோம். "முதல்ல எந்த வயல்?" என்று ஊரார் கேட்டபோது, ஏனோ உன் வயலைச் சொல்லிவிட்டேன். இப்போது அங்கே புல் முளைத்திருக்கிறது. கொக்குகள் உன்னைக் கேட்காமலேயே உலாவுகின்றன.

பதில் வரிகளைக் காகிதத்தில் எழுதி அனுப்பித் தப்பித்துவிடாதே. மெட்டு தபாலில் வராது. எனக்கு எதிரே ஓர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். தையல்காரி அதில் கண் வைத்திருக்கிறாள். சீக்கிரம் வா.

கேள்வி மட்டுமே பாடத் தெரிந்த
உன் தங்கை