கமலா டீச்சருக்கு நீதான் சாட்சி

கள்ளக்குறிச்சி
9-7-1999

அன்பு மகள் அஸ்ரப் நிஷாவுக்கு அத்தா எழுதறது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லா கிருபையில நானும் உங்கம்மாவும் இருக்கோம், மஸ்கட்ல நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்க துஆ செய்யறோம். அம்மாவுக்கு முட்டி வலி கம்மி, கடையில வியாபாரமும் கம்மி.

நீ டீச்சரா இருந்த பள்ளிக்கூடத்துலேருந்து உன் சம்பள பாக்கி அரியர்ஸ் வந்துடுச்சுன்னதும் சந்தோஷப்பட்டே, எப்படி வந்துச்சுன்னு கேக்கல. இப்ப கேளு. போன வருஷ ஜூன்லேருந்து சம்பளத்தைக் கூட்டி பாக்கிய மார்ச்ல மொத்தமா தரேன்னு கரஸ்பாண்டன்ட் மீட்டிங்ல சொன்னாரே, மார்ச்ல எல்லாருக்கும் தந்தாங்கன்னு தெரிஞ்சு நான் போனேன். ஃபீஸ் கட்ட வந்த ஜனங்க முன்னாடி நிக்க வெச்சு, ஜனவரில ராஜினாமா பண்ணவங்களுக்கு இன்னா அரியர்ஸ், செத்துப்போனவங்க வூட்டுக்குன்னா தருவோம், உம்பொண்ணு செத்த சர்ட்டிபிகேட் இருந்தா கொண்டாங்க பாய்னு சொன்னாரு. நாலு பேரு சிரிச்சாங்க.

வக்கீலைப் பாத்தேன், வேலை செஞ்ச காலத்துக்குத் தரேன்னு சொன்ன பணம், வேலைய வுட்டதால அந்த உரிமை போவாது, ஆனா சொன்னதைக் காதால கேட்டவங்க எழுதித் தரணும்னாரு. உன்கூட டீ குடிச்ச டீச்சருங்க ஒருத்தரும் வரல. உன் பக்கத்து வகுப்பு கமலா மட்டும் வந்து கையெழுத்து போட்டுச்சு, புருஷன் இல்லாத பொண்ணு, அந்தச் சம்பளத்துல சோறு திங்கிறது. நோட்டீஸ் போனதும் செக் வந்துடுச்சு.

பள்ளிக்கூடம் தொறந்த அன்னிக்கே கமலாவை வெளியே அனுப்பிட்டாங்க. போன நவம்பர்ல ஒரு புள்ளையோட கைய முறிச்சிட்டான்னு புகார் எழுதி வாங்கியிருக்காங்க. அங்கியே படிச்ச அது மகளைப் பாதி வகுப்புல எழுப்பி, டிசியைக் கையில குடுத்து அனுப்பிச்சாங்க. புள்ளைய அடிக்கிறவன்னு பேரு கட்டிட்டதால உளுந்தூர்பேட்டை வரைக்கும் யாரும் வேலை தரல. நான் பணம் கொண்டு போனா வாங்கல, நீங்க இன்னா பண்ணுவீங்க பாய்னு கதவைச் சாத்திடுச்சு.

உன் வகுப்புக்கும் அது வகுப்புக்கும் நடுவுல ஒரு தட்டிதான். கை முறிஞ்சிருந்தா உனக்குக் கேட்டிருக்கும். பள்ளிக்கூடத்து மேல கமலா கேஸ் போட்டாச்சு, நீ வந்து சொன்னாத்தான் நிக்கும்ங்கறாரு வக்கீல். நம்ம பணம் வந்துடுச்சு, கோர்ட்டு கச்சேரி வேணாம்னு மாப்பிள்ளை சொல்றதா எழுதியிருக்கே. அதைப் படிச்சிட்டு ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. பொண்ணு செத்துட்டாளான்னு கேட்டப்பகூட எனக்கு இவ்ளோ வலிக்கல.

அந்த செக்கை மாத்தி, கொறைஞ்சதைக் கடைப் பணத்துல போட்டு உனக்கு டிக்கெட்டுக்குக் கட்டிட்டேன். மாப்பிள்ளைக்கு மனசு இல்லன்னா என்கிட்ட பேசச் சொல்லு. வெயில்ல அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. பாஸ்போர்ட்டை எடுத்து வெச்சுக்கோ. அல்லா உனக்கு நல்ல நாக்கைக் குடுக்கட்டும்.

உன் அத்தா,
சாதுல்லா