துரைக்கு ஒருசந்தி

சேக்காடு,
24.4.93, சனிக்கிழமை

அன்பு மகள் சகாயமேரிக்கு அப்பா பிரகாசம் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகம், உன் ஆமை துரையும் இப்போது சுகம், பிலாயில் உன் சுகத்துக்கும் நீ ஊசி போடுகிற நோயாளிகளின் சுகத்துக்கும் பதில் போடு. இந்த இப்போது என்கிற வார்த்தையை நீ ரெண்டு தரம் படிப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால் வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ரெண்டு லெட்டரிலும் துரை நல்லா சாப்பிடுகிறான், குண்டாகிவிட்டான் என்று எழுதினேனே, அது முழுப் பொய். குண்டானது நான். அவன் கண் ரெண்டும் வீங்கி மூடிப்போய், தொட்டியில் போட்ட செங்கல் மேல் ஏறக்கூட தெம்பில்லாமல் கிடந்தான். அதற்குக் காரணமும் நான்தான்.

கிணறு தூர் வாரும்போது எடுத்த குட்டியை இவ்வளவு பெரிசாக வளர்த்து என் கையில் கொடுத்துவிட்டு நீ ரயில் ஏறினாய். தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டின உன் காகிதத்தை நான் எழுத்துக் கூட்டிப் படித்து அப்படியே செய்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி மாற்றினேன், குழாய்த் தண்ணியை ஒருநாள் பிடித்து வைத்துத்தான் ஊற்றினேன், காலை வெயில் ரெண்டு மணி நேரம் காட்டினேன், வாரத்தில் மூணு நாள் சென்னாக்குன்னிக் கருவாடு போட்டேன். என் பழைய பல் பிரஷ்ஷால் ஓடு கூட தேய்த்துவிட்டேன், அதைப் பார்த்து உன் அம்மா இந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருசத்தில் ஒரு டம்ளர் தேய்த்ததுண்டா என்று கேட்டாள். அதெல்லாம் திருநீற்றுப் புதன் வரைக்கும்தான். அன்று கோயிலில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தேன், இவன் தலையை நீட்டி என் நெற்றியையே பார்த்தான், எனக்குத்தான் கை சும்மா இருக்காதே, நெற்றியிலிருந்து கொஞ்சம் வழித்து இவன் முதுகில் ஒரு சிலுவை போட்டேன். விளையாட்டுக்குத்தான். உன் அம்மா பார்த்துவிட்டாள். வருசம் பூரா வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாதவளுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது. சாம்பல் வாங்கின எல்லாருக்கும் நாப்பது நாள் கவுச்சி இல்லாத சுத்தபோசனம்தான், இந்த வீட்டில் ஆளுக்கொரு சட்டம் கிடையாது என்று சொல்லி, சென்னாக்குன்னிப் பொட்டலத்தை எடுத்துப் பக்கத்து வீட்டு நாகம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து எங்களுக்கு என்னவோ அதுதான் அவனுக்கும், அகத்திக்கீரை, ரசஞ்சோறு, வெள்ளிக்கிழமையானால் கஞ்சி. கீரையைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொள்வான். உன் அம்மா, செபம் பண்றான், தொந்தரவு பண்ணாதீங்க என்பாள்.

நாலாவது வாரம் கண் திறக்கவில்லை என்றதும் ஒயர் கூடையில் வைத்து சைக்கிளில் மாட்டிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதுகிறவர் தலையைத் தூக்காமல் எத்தனை லிட்டர் கறக்குது என்றார். இதுவரைக்கும் கறந்து பார்க்கவில்லை என்றேன். டாக்டர் ஏன் இதுக்கு மீன் போடலை என்று கேட்டார், தவக்காலம் சார் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறின தண்ணியில் கண்ணைக் கழுவு, இன்னைக்கே மீன் கொடு, இல்லேன்னா பத்து நாள் தாங்காது என்று சொன்னார். கண்ணு, மே மாசம் நீ வந்து செருப்பைக்கூட கழற்றாமல் துரை எங்கே என்று கேட்பாய், நான் வெறும் தொட்டியையா காட்டுவேன்.

நேரே ஆவடி மார்க்கெட்டில் சென்னாக்குன்னி வாங்கி சட்டைப் பையில் ஒளித்துவைத்து, குளியலறைக்குப் பின்னால் வைத்து ஊட்டினேன். அவன் மோந்து பார்த்து ரெண்டே ரெண்டு தின்றான். மறுநாள் வெள்ளிக்கிழமை அதே சட்டையைப் போட்டுக்கொண்டு சிலுவைப்பாதைக்குப் போனதுதான் தப்பு. மூணாம் ஸ்தலத்தில் எல்லாரும் முட்டிபோட்டோம், நாலு பக்கமும் மூக்கு திரும்பியது. பின்னாலிருந்த இக்னேஷியஸ் என் காதில், இன்னா மாமே, நாப்பது நாள் தாங்கலியா என்றான். பத்தாம் ஸ்தலம் வருவதற்குள் பிரகாசம் தவக்காலத்தில் திருட்டுக் கருவாடு தின்கிறான் என்று பங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. உன் அம்மா அங்கிருந்தே என்னைச் சாமியார் பங்களாவுக்கு இழுத்துப் போனாள். நான் பொட்டலத்தை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். பாவம் அவர், கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் இருமினார். பிறகு உன் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அதுக்கு ஞானஸ்நானம் ஆயிருக்கா?"

உன் அம்மா நன்றாக யோசித்துவிட்டு இல்லை சாமி என்றாள். அப்படின்னா அதுக்கு ஒருசந்தி நோன்பும் இல்லை, சுத்தபோசனமும் இல்லை, தாராளமா மீன் போடும்மா என்றார். அவ்வளவுதான், சாமியார் வாயால் வந்தபிறகு உன் அம்மாவே தினம் ஏரிமீன் குஞ்சு வாங்கிவந்து, ஞானஸ்நானம் இல்லாத புள்ளை, என்ன பண்ணும் என்று பரிதாபப்பட்டுக்கொண்டே ஊட்டினாள். அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். குருத்தோலை ஞாயிறு அன்று வலது கண் திறந்தது, பெரிய சனிக்கிழமை இடது கண். திறந்ததும் முதலில் என்னைப் பார்த்தான், தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

நீ அங்கே சப்பாத்தியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, நைட் டியூட்டி முடிந்தால் தனியாக நடக்காமல் கூட ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு வா. எந்தத் தேதி எந்த ரயில் என்று மறக்காமல் எழுது, பெட்டி தூக்க நான் சென்ட்ரலுக்கே வருகிறேன், துரையைக் கூட்டிவரமாட்டேன். மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், கை நிறைய வேலையும் வாய் நிறைய சிரிப்புமாக இரு.

இப்படிக்கு உன் அப்பா,
ம. பிரகாசம்

மடிக்கிற ஓரத்தில் இடம் இருப்பதால் இதையும் எழுதுகிறேன். நேற்று சாமியார் ஈஸ்டருக்கு வீடு மந்திரிக்க வந்தார். எல்லா அறைக்கும் தீர்த்தம் தெளித்துவிட்டு, இவன்தானா அவன் என்று தொட்டிமேல் குனிந்து துரை தலையிலும் தெளித்தார். மூணு சொட்டு விழுந்தது, உன் அம்மா எண்ணினாள், ஞானஸ்நானம் ஆகிவிட்டது என்று சொன்னாள். உடனே துரை சாமியாரின் சுண்டுவிரலைக் கவ்விக்கொண்டான். டிஞ்சர் வைத்துக் கட்டி அனுப்பினோம். நேற்று வெள்ளிக்கிழமை.