உத்திரத்துக்கு நேர் கீழே

அண்ணாச்சி,

இன்று காலை பாகலூர் ரோட்டில் ஒரு தோட்ட வீட்டு வேலைக்குப் போயிருந்தேன். தொட்டியில் சுண்ணாம்பு நீற்றிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பட்டதும் கொதித்து எழுந்த அந்த வாசனையில், உங்கள் மேல் இருந்த பழைய கோபம் அப்படியே திரும்பி வந்தது. போய்ச் சேர்ந்த மனிதனிடமும் சண்டைக்கு நிற்கிறாளே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓசூர்க் கம்பெனிகள் ஆள் எடுத்துத் தள்ளிய காலம் அது. ஒரு கம்பெனியின் டூல் ரூமில் சூப்பர்வைசரான நீங்கள், கடைவீதி மெதடிஸ்ட் கோவிலின் செயலாளர் என்று சொல்லிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தீர்கள். சிவில் இன்ஜினியர் ஒரு பெண் என்றதும் தயங்காத முதல் ஆள் நீங்கள்தான். சுவர் வியர்க்கிறது, வந்து பாருங்கள் என்றீர்கள்.

வெள்ளைக்காரப் போதகர்கள் இந்தப் பக்கத்துக் கன்னட, தெலுங்குக் குடும்பங்களுக்காகக் கட்டிய கோவில். கருங்கல் அடித்தளம், செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கனத்த சுவர், உச்சி கூம்பிய ஜன்னல்கள், மேலே தேக்கு உத்திரமும் மங்களூர் ஓடும். முன்பு படியேறிப் போன கோவில். ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் படியிறங்கிப் போகும்படி ஆகிவிட்டது. பிறகு உங்களைப் போன்ற தெற்கத்திக்காரர்கள் வந்து பெஞ்சுகளை நிறைத்தீர்கள். பழைய சுவர் அங்கங்கே உதிர்வது உங்களுக்குப் பொறுக்கவில்லை. கம்பெனிக்காரர்களுக்கு வழவழப்பாக இல்லாத எதுவும் ரிஜெக்ட்தானே. நான் வந்து பார்ப்பதற்கு முன்பே, ஓர் அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் லீவு போட்டு, நீங்களே கரண்டி பிடித்து, உள்ளும் புறமும் சிமென்ட் பூசி மெழுகிவிட்டீர்கள். சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதன் வாயை அடைத்துவிட்டது. ஆசையாய்ச் செய்த தப்பு என்பதால் நான் அதிகம் திட்டவில்லை.

பூச்சை உரிக்க ஏற்பாடு செய்வதற்குள் அந்த ஞாயிறு வந்தது. திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க வரிசை வரிசையாக எழுந்துபோய் மரக் கிராதியின் முன் முழங்கால் போடுவது உங்கள் வழக்கம். உங்கள் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், இருந்த வரிசை எழுந்து போயிருந்தபோது, உத்திரத்தை ஒட்டிய சுவரிலிருந்து சிமென்ட் பூச்சு ஒரு கதவு அகலத்துக்குப் பெயர்ந்து அவர்கள் பெஞ்சில் விழுந்தது. கிராதியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது பெஞ்சு இரண்டாகக் கிடந்தது.

அன்று மாலையே கமிட்டி கூடியது. இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் பெரிதாகக் கட்டுவோம் என்று உங்கள் ஊர்க்காரர்கள் பிடிவாதமாக நின்றார்கள். தாத்தா காலத்துக் கோவில் என்று பாகலூர்ப் பெரியவர் ஒருவர் அழுதார். விழுந்தது பூச்சுதான், சுவர் அல்ல. சிமென்ட்டை முழுக்க உரித்தால் மெல்ல மெல்லக் காய்ந்துவிடும் என்றேன். ஆனால் ஈரச் சுவருக்குள் புதைந்திருந்த உத்திரத்தின் முனை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, காயாமல் சுவரைத் திறக்கவும் முடியாது. முட்டுக் கொடுத்தாலும் உறுதி சொல்ல முடியாது என்பதையும் மறைக்கவில்லை.

இடிக்கச் சொன்னவர் விடவில்லை. “அப்ப நீங்க அதுக்குக் கீழ உக்காருவீங்களா, மேடம்?”

எனக்கு வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

“நான் உக்காருதேன்,” என்றீர்கள்.

மறுவாரமே பூச்சை உரித்தோம். இரும்பு முட்டு வைத்தோம். அந்த இடத்தில் வேறு பெஞ்சு போட்டு நீங்கள் உட்கார்ந்தீர்கள், அதுவும் பெண்கள் பக்கத்தில். மற்றவர்கள் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிக்கொண்டார்கள். முதல் பாட்டு முடிவதற்குள் அக்கா எழுந்து உங்களிடம் வந்தார்.

“செத்தா ரெண்டு பேரும் சாவோம். தள்ளி உக்காருங்க.”

அந்த மழைக்காலம் முழுக்க ஞாயிறுதோறும் வாசலில் வந்து நின்றேன். சாமி கும்பிட வருகிறேன் என்று போதகர் நினைத்திருப்பார். நான் உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டில் மழை இரைந்தால் முட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணுவேன். நீங்களோ கண்ணை மூடிச் சுருதி விலகிப் பாடிக்கொண்டிருந்தீர்கள். அப்போது உங்களை அடிக்கவேண்டும் போல இருந்தது அண்ணாச்சி. என் வார்த்தைக்கு உங்கள் தலையை வைக்கச் சொல்லி யார் கேட்டது?

சுவர் காய்ந்தது. மழை விட்டதும் உத்திரத்தின் முனையைத் திறந்து பார்த்தோம். நுனி மட்டும் மெத்தென்று போயிருந்தது. உள்ளே வைரம் பாய்ந்த கட்டை. நுனியை அறுத்துவிட்டுக் கல்லில் தாங்க வைத்தோம். இடிக்கும் பேச்சு அதோடு நின்றது. கோவில் இன்றும் நிற்கிறது. நீங்கள்தான் ஒரு சாதாரணக் காய்ச்சலில் போய்விட்டீர்கள். சொந்த ஊரில் அடக்கம் செய்துவிட்டார்கள் என்று அக்கா போனில் சொன்னார்.

இப்போது எந்தப் பழைய கட்டடத்தைப் பார்க்கப் போனாலும், நிற்கும் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நாற்காலி கேட்கிறேன். எந்த இடம் எனக்குப் பயமாக இருக்கிறதோ, அங்கே போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். மேடத்துக்கு முட்டி வலி என்று மேஸ்திரிகள் பேசிக்கொள்கிறார்கள். எழுந்து ஓடத் தோன்றினால், இடிக்கச் சொல்லிவிடுகிறேன்.