கறுப்புப் பட்டி இருக்கட்டும்

†

பேசாலை,
11.02.2025

அன்பு மகள் நிறஞ்சலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மாதாவின் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், அம்மாவுக்கு முழங்காலில் நோ இருந்தாலும் வாயில் ஒரு நோவும் இல்லை, அதேபோல நீயும் மருமகன் றோயும் பிள்ளைகளும் அந்தக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நாளும் செபமாலை சொல்லுகிறோம். போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல வாய் திறந்தால் நீ பத்துச் சொல்லி வைத்துவிடுவாய், இது நான் முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டிய விஷயம். எருக்கலம்பிட்டிப் பாயிஸ் தம்பி வெள்ளிக்கிழமை ஒஸ்லோவுக்குத் திரும்புகிறார், அவரிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு பென் டிரைவையும் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தை வாசித்து முடித்த பிறகுதான் பென் டிரைவைப் போட வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.

நத்தாருக்கு நீ எடுத்துத் தந்த டிவி எங்கள் ஹோலில் பாதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. திருக்குடும்பப் படத்தைக் கழற்றி மற்றச் சுவருக்கு மாற்ற வேண்டி வந்தது, அம்மா அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு செய்தி வாசிக்கிற பிள்ளையோடு கதைக்கிறாள். இவ்வளவு பெரிய டிவியில் எதைப் பார்க்கலாம் என்று யோசித்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. உன்னுடைய கலியாண வீடியோக் கசெட்! அது கையில் வந்த நேரம் நீங்கள் இருவரும் வெளிநாடு போய்விட்டீர்கள், நான் கோபத்தில் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன், கோபம் ஆறிய நேரம் அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் டெக் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒருவரும் பார்க்காத கசெட். நம் இருவருக்கும் உள்ள வழக்குக்கு ஒரே சாட்சி அதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வழக்கு என்ன என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். அன்று கோயிலுக்கு வெளிக்கிட முன்னம் நீ எங்களுக்கு முன்னால் முழங்காலில் நின்றாய். அப்பா என் நெற்றியில் சிலுவை போடவில்லை, நெற்றியில் பட்ட இரண்டு சிலுவையும் அம்மாதான் போட்டா, அவர் வாசல் படலையைப் பார்த்துக்கொண்டு நின்றவர் என்பது உன் கட்சி. நான் பேசி வைத்த இடத்தை விட்டு நீ றோயைத்தான் கட்டுவேன் என்று நின்றதில் எனக்குக் கோபம் இருந்தது உண்மை, ஆனாலும் பெற்ற பிள்ளைக்குச் சிலுவை போடாமல் விடுவேனா, போட்டேன் என்பது என் கட்சி. ஒவ்வொரு நத்தாருக்கும், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் போனில் இதே சண்டை. போன மாதமும் நீ அழுதுகொண்டுதான் போனை வைத்தாய், அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு நீ எடுக்கவே இல்லை. சரி, இனிக் கசெட்டே பேசட்டும் என்று தூக்கிக்கொண்டு மன்னாருக்குப் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பைறூஸ் என்பவர் ஸ்டூடியோ வைத்திருக்கிறார், படியில் எப்போதும் இரண்டு கழுதை படுத்திருக்கும், தாண்டித்தான் போக வேண்டும். அவருடைய மகள் றிம்ஷாதான் கொம்பியூட்டர் வேலை எல்லாம். அந்தப் பிள்ளை பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினது. ஐயா, பழைய படம் கிட்டத்தட்டச் சதுரம், உங்கட டிவி நல்ல அகலம், படத்த அப்படியே விட்டா ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டி வரும், இழுத்து நிரப்பினா எல்லாரும் குண்டாத் தெரிவாங்க, பெருப்பிச்சு நிரப்பினா மேலயோ கீழயோ வெட்டுப்படும், எது வேணும் என்று கேட்டது. எனக்குக் கறுப்புப் பட்டி என்றதுமே பிடிக்கவில்லை. மகள் இவ்வளவு பெரிய டிவி தந்திருக்க, செத்த வீட்டுக்குக் கட்டின மாதிரி இரண்டு பக்கமும் கறுப்பா? பெருப்பிச்சு நிரப்பு பிள்ளை என்றேன். தலைப் பக்கம் வெட்டவா, கால் பக்கம் வெட்டவா என்று கேட்டது. காலை ஆர் பிள்ளை பார்க்கிறது, கீழ்ப்பக்கத்தை வெட்டு என்றேன். என் வாயில் அன்று சனி இருந்திருக்கிறது.

இன்னொன்றும் அந்தப் பிள்ளை சொன்னது. கடல் காற்றுக்குக் கசெட் பூஞ்சணம் பிடித்து, ஒரு தரம் ஓடி முடித்ததோடு நாடா அறுந்துபோனதாம். வெட்டாத முழுப் படம் இனிக் கொம்பியூட்டரில் மட்டும்தான், அதையும் ஞாயிற்றுக்கிழமை துடைச்சிடுவம், வேற மாதிரி வேணும் எண்டா அதுக்கு முந்திச் சொல்லுங்க என்றது. நானும் எல்லாம் விளங்கின ஆள் போலத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். போன செவ்வாய்க்கிழமையே பென் டிரைவ் கையில் இருந்தது, அன்றைக்கே போட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் நான் வெல்லுகிறதை நாலு பேர் பார்க்க வேண்டாமா? ஞாயிறு பூசை முடிய எல்லாரும் வாங்கோ என்று அயல் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

வந்தார்கள். அம்மா பயற்றம் பணியாரம் சுட்டு வைத்திருந்தாள். படம் தொடங்கியதும் டிவி நிறைய, ஓரம் ஒட்டினால்போல, என்ன வடிவு! றோய் அப்போது கொடிக்கம்பம் மாதிரி இருந்திருக்கிறான், இப்போது அவனுடைய வயிற்றைப் பார்த்தால் நம்ப முடியாது. பிறகு அந்த இடம் வந்தது. நானும் அம்மாவும் பெரிதாக நிற்கிறோம். உன்னைக் காணவில்லை. தலையில் குத்தின வெள்ளைப் பூ மட்டும் அடி ஓரத்தில் எட்டிப் பார்க்கிறது. நான் வாயை இறுக்கிக்கொண்டு படலையைப் பார்க்கிறேன், சென்றிக் காவலுக்கு நிற்கிற பொலிஸ்காரன் தோற்றான். பக்கத்து வீட்டுச் சுவேதினி, மாமா, நிறஞ்சலாக்கா சொன்னதுதான் சரிபோல கிடக்கு என்று சொல்ல எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலை வெட்டச் சொன்னேன், காலோடு நீயும் போய்விட்டாய், என் கையும் போய்விட்டது. இதைத்தான் உனக்கு அனுப்ப இருந்தேன்! அப்போதுதான் இன்றைக்கு ஞாயிறு என்று ஞாபகம் வந்தது, அந்த நேரம் பார்த்துக் கரண்டும் நின்றுவிட்டது.

கடைக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. எங்கள் ஊர் டினேஷின் ஓட்டோவில் ஏறி விரட்டச் சொன்னேன், மன்னாரில் இறங்கும்போதுதான் சேர்ட்டை உட்பக்கம் வெளியாகப் போட்டிருந்தது தெரிந்தது. பைறூஸ் கலண்டர் மட்டையால் விசிறிக்கொண்டு வாசலில் இருந்தார். றிம்ஷாவுக்கு என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. பத்தரைக்கே துடைக்கத் தொடங்கினதாம், வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதாம், எங்கள் படம் போய்விட்டதா கிடக்கிறதா என்று கொம்பியூட்டரைத் திறந்தால்தான் தெரியுமாம். அன்று நாடு முழுக்கக் கரண்ட் போனது, ஒரு குரங்கு செய்த வேலை என்று சொன்னார்கள், உங்களுக்கும் செய்தியில் வந்திருக்கும். பின்னேரம் வரைக்கும் அந்தக் கடையில் இருந்தேன். பைறூஸ் மூன்று தரம் பிளேன்டீ தந்தார், மூன்றும் ஆறிக் கிடந்தது. தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாருக்கு எத்தனை மெழுகுதிரி நேர்ந்தேன் என்று எனக்கே கணக்கில்லை. கரண்ட் வந்தது, பிள்ளை திறந்து பார்த்தது, ஐயா கிடக்கு என்று கத்தினது. நான் பைறூஸைக் கட்டிப்பிடித்துவிட்டேன்!

இனிக் கவனமாக வாசி. சின்னத் திரையில், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டியோடு, முழுப் படம். நீ முழங்காலில் நிற்கிறாய், தலை குனிந்திருக்கிறது. அம்மா சிலுவை போடுகிறாள். என் இரண்டு கையும் கீழே தொங்குகிறது, பொத்திப் பிடித்தபடி. நீ சொன்னதுதான் உண்மை என்று நினைத்தேன். அப்போது அம்மா என் முகத்தையும் பார்க்காமல் என் மணிக்கட்டைப் பிடித்து, கொண்டுவந்து, உன் நெற்றியில் வைக்கிறாள். என் பெருவிரல் சிலுவை போடுகிறது. அம்மா தன் கையை எடுத்துவிட்டாள். நான் எடுக்கவில்லை. றிம்ஷா எண்ணிப் பார்த்தது, பதினொரு செக்கன், கமராக்காரன் அலுத்துப்போய் வேறு பக்கம் திருப்பும் வரைக்கும் என் கை உன் தலையில்தான் கிடக்கிறது. அம்மாவின் வளையல் சத்தம் இரண்டு தரமும் கேட்டிருக்கும், அதனால்தான் நீ இரண்டும் அம்மா என்று நினைத்திருக்கிறாய்.

இருவர் சொன்னதும் சரி என்று நான் இப்போது சமாளிக்கலாம். ஆனால் அம்மா பிடித்திராவிட்டால் நான் போட்டிருக்க மாட்டேன், என் பொத்தின கையைக் கண்ணால் கண்டேன். அம்மா பிடித்தது எனக்கு நினைவிலேயே இல்லை, நானாகப் போட்டேன் என்றே இவ்வளவு காலமும் உன்னோடு வாதாடினேன். பிழை என்னில்தான் பிள்ளை, மன்னித்துக்கொள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், உனக்கு இது தெரியும்தானே, இவ்வளவு வருஷமும் ஏன் சொல்லேல்லை என்று கேட்டேன். மீன் வெட்டின கையை நிறுத்தாமலே, சொல்லியிருந்தா அண்டைக்கே சண்டை முடிஞ்சிருக்கும், பிறகு என்னத்தைச் சாட்டி அவள் உங்களோடை கதைக்கிறது என்றாள். நான் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டேன்.

வெட்டாத படத்தைத்தான் அனுப்புகிறேன். றோயிடம் கண்டிப்பாகச் சொல், டிவி நிரம்பவில்லை என்று ரிமோட்டில் எதையாவது அழுத்தி அகலமாக்க வேண்டாம், அவனுக்கும் என் புத்திதான். பனியில் சறுக்காத சப்பாத்துப் போட்டு நட, பிள்ளைகளோடு வீட்டில் தமிழில் கதை. ஆவணித் திருவிழாவுக்கு மடுக் கோயிலுக்கு எல்லாருமாக வாருங்கள், நேரில் உனக்கு ஒன்று கடன் இருக்கிறது. மடுமாதா உங்கள் எல்லாரையும் காப்பாற்றுவாள். இந்தக் கடிதத்தின் தலையில் உள்ள சிலுவையை இன்னொரு தரம் பார், கொஞ்சம் கோணலாகக் கிடக்கிறது. அது நானே போட்டது பிள்ளை, அம்மா அடுப்படியில் நிற்கிறாள்.

உன் அன்பு அப்பா,
ம. சிங்கராசா